எங்கள் சந்துக்கு யாருடைய அப்பா பெயர்?

பெயர் வைப்பதைப் பற்றி மட்டும் என்னிடம் வாயைக் கொடுக்காதீர்கள். தம்பானூரில் பி.எஸ்.சி. தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் வரலாறு எடுப்பவள் நான். அமெரிக்காவின் பழைய காலனிகளுக்குப் பெயர் வந்த கதையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வர்ஜீனியா, கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு ராணிக்காக. மேரிலாந்து இன்னொரு ராணிக்காக. ஜார்ஜியா ராஜாவுக்கு. பென்சில்வேனியாவில் இருப்பது அந்த நிலத்தை வாங்கியவனுடைய அப்பாவின் பெயர். அந்த அப்பா அங்கே கால் வைத்ததுகூட இல்லை. ஏற்கெனவே அங்கே குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஸ்ரீவராகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சந்து முன்பு வெறும் சதுப்பு. நாகர்கோவில் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள், வேலை முடிந்து திரும்பும்போது ஆளுக்கொரு சட்டி மண்ணும் இடிசலும் சுமந்து வந்து கொட்டி மேடாக்கிக் குடியேறினார்கள். என் அம்மாவும் சுமந்தாள். ஆட்டோக்காரர்கள் அதற்கு ‘பாண்டி லேன்’ என்று பெயர் வைத்தார்கள். தமிழர்களை இங்கே மலையாளிகள் இளக்காரமாகக் கூப்பிடும் சொல் அது. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு சுற்றிலும் பெரிய வீடுகள் வந்தன, குடியிருப்போர் சங்கமும் வந்தது. போன வருஷப் பொதுக்கூட்டத்தில் செயலாளர், காலமான தன் அப்பாவின் பெயரைச் சந்துக்கு வைக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். வழக்கமாக முன்வரிசையில் பெரிய வீட்டுக்காரர்கள் கை தட்டுவார்கள். பின்வரிசையில் நாங்கள் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக்கொண்டு கிளம்புவோம். ‘ஏகமனதாக’ என்று எழுதிவிடுவார்கள்.

அன்றைக்கு என்னால் முடியவில்லை. எழுந்துவிட்டேன். “சாரே, உங்க அச்சன் இந்த லேன்ல ஒரு நாளாவது நடந்திட்டுண்டோ?” என்று ஆரம்பித்து, பென்சில்வேனியா வரை விளாசித் தள்ளினேன்.

“டீச்சரே, இது அமெரிக்கா அல்லல்லோ” என்றார் செயலாளர். முன்வரிசை சிரித்தது.

அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். “இரி மக்களே, நமக்கு எதுக்கு வம்பு?”

“எங்கில் பின்னே எந்து பேரு வேணும்? டீச்சர் பறயூ” என்று பெயரை என்னிடமே கேட்டார் செயலாளர்.

 வேண்டாம் என்று சொல்லத்தான் எழுந்தேனே தவிர, ஒரு பெயரை நான் யோசித்திருக்கவே இல்லை. அம்மா என் சேலையை விட்டுவிட்டு எழுந்தாள்.

“பாண்டி லேன். அதே இருக்கட்டும்.”

செயலாளர் முகம் சுளித்தார். “அம்மே, அது போர்டில் எழுதான் பற்றுமோ? நாணக்கேடல்லே?”

“எங்கள அப்படி விளிக்கும்போ ஆருக்கும் நாணக்கேடா இல்லியே சாரே. எழுதுகதுக்கு மட்டும் என்ன நாணக்கேடு? மண்ணு சொமந்தது நாங்க. எழுதுங்க.”

பின்வரிசையில் முதலில் கையைத் தூக்கியவள் நான்தான்.