பார்டர்ல இருந்தவருக்கு விழுந்த எக்ஸ்பார்ட்டி

வக்கீல் குமாஸ்தா கதைன்னா கொலைக்கேஸு வரும், கள்ளத்தொடர்பு வரும்னு நிமிர்ந்து உக்காருவீங்க. வராதுங்க. எங்க தொழில்ல பாதி நாள் வாய்தா வாங்கறது, மீதி நாள் ஏன் வாங்கினோம்னு கட்சிக்காரருக்குச் சொல்றது. கோர்ட்டுப் படி ஏறி எறங்குன உங்களுக்குத் தெரியாததா?

மூணு தடவ கூப்பிட்டாங்க

மரக்காணத்துக்காரர் ஏழுமலை, பட்டாளத்துல ஜவான். மச்சான் உப்பளத்துக்கு மோட்டார் வாங்கக் கடன் எடுத்தப்போ ஜாமீன் கையெழுத்துப் போட்டவரு. மச்சான் கட்டல. பைனான்ஸ்காரர் ரெண்டு பேர் மேலயும் கேஸு போட்டாரு. மச்சான் கோர்ட்டுப் பக்கமே போகல, இவரு பார்டர்ல. ஆள் வரலன்னா எதிராளி சொன்னதுதான் தீர்ப்பு. அதுக்குப் பேரு எக்ஸ்பார்ட்டி. லீவுல வந்து பாத்தா, அவர் பேர்ல இருக்குற ஒரே வீட்டுக் கதவுல ஜப்தி நோட்டீஸு.

"நான் வரலன்னு எப்படிங்க முடிவு பண்ணாங்க?"ன்னு எங்க வக்கீல் ஆபீசுக்கு வந்து கேட்டாரு. கோர்ட்டு டவாலி கூப்பிடற மாதிரியே மூக்கால இழுத்து, "ஏழுமலேய்"னு மூணு தடவ கூவிக் காட்டினேன். இந்தக் கொரல்ல அந்த டவாலியே ஒருதரம் ஏமாந்திருக்காரு. மூணாவது கூப்பாட்டுல மனுஷன் சடார்னு எழுந்து வெறப்பா நின்னுட்டாரு. அப்புறம் மெதுவா உக்காந்தாரு.

"அங்க எங்க ஆபீசர் கூப்பிட்டா அடுத்த மலைக்குக் கேக்கும் சார், இவங்க கூப்பிட்டது எனக்குக் கேக்கலையே."

இந்தி லெட்டர்

கேஸு கூப்பிட்ட அன்னிக்கு இவரு பார்டர்லதான் இருந்தாருன்னு பட்டாளத்துல லெட்டர் கேட்டோம். வந்துச்சு, முழுக்க இந்தில. வக்கீல் முழிச்சாரு. நான் கோட்டக்குப்பத்துக்கு வண்டிய வுட்டேன். அங்க மளிகைக்கடை வச்சிருக்குற பாய் ஒருத்தர் ரொம்ப வருஷம் சவூதில இருந்தவரு. இந்தி தனக்குத் தண்ணிபட்ட பாடுன்னு சொல்லிக்குவாரு. கண்ணாடி மாட்டி மேல ஒருதரம், கீழ ஒருதரம் பாத்துட்டு, லெட்டர மடிச்சு என் பாக்கெட்டுலயே வச்சாரு.

"சம்பளம் எப்பன்னு கேக்கத்தான் நான் இந்தி கத்துக்கிட்டேன் குமாஸ்தாவே, இதுல அந்த வார்த்தையே இல்ல."

எல்லாருக்கும் ஒரே அபிடவிட்

கடைசில ஒரு இந்தி டீச்சர் அதத் தமிழ் பண்ணிக் குடுத்தாங்க. தீர்ப்ப ரத்து பண்ணச் சொல்லி, இதெல்லாம் சத்தியம்னு கையெழுத்துப் போட்ட அபிடவிட் போடணும். எங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணு ரெடியா கெடக்கு: சம்மன் வந்ததும் தெரியாது, கேஸு போட்டதும் தெரியாதுன்னு. பேர மாத்துவேன், தேதிய மாத்துவேன், பிரிண்ட் எடுத்துடுவேன். ஏழுமலை என்னமோ சொல்ல வாயெடுத்தாரு. பட்டாளத்து ஆபீசர் கொரல்ல, "சைன் கரோ"ன்னு இந்தில அதட்டி, போடச் சொன்னேன். பழக்க தோஷம், போட்டுட்டாரு.

விசாரணை அன்னிக்கு ஜட்ஜம்மா பட்டாளத்து லெட்டர படிச்சித் தலைய ஆட்டினாங்க. பாதிக் கெணறு தாண்டிட்டோம்னு நெனச்சேன். அப்புறம் என் அபிடவிட்ட படிச்சாங்க. பின்னால நின்ன அவர் சம்சாரம் செல்விய முன்னால கூப்பிட்டு, "வீட்டுல சம்மன் ஒட்டினத நீ அவருக்குச் சொல்லவே இல்லையாம்மா?"ன்னாங்க. செல்வி என்னப் பாத்துச்சு. நான் ஃபேனப் பாத்தேன். செல்வியோட உப்பளத்துல உப்பு வார்ற தனம்மா, துணைக்கு வந்தது, சும்மா இருந்திருக்கலாம்.

"அன்னிக்கே போன்ல சொல்லுச்சுங்கம்மா, நான் பக்கத்துலதான் நின்னேன், லீவு குடுக்க மாட்றாங்க, நான் என்னாடி பண்ணட்டும்னு அந்தாளு அழுதாருங்க."

லீவு குடுக்கலங்கற நெஜம் ஒண்ணே அந்த வீட்டக் காப்பாத்தப் போதுமா இருந்திருக்கும், இருபது வருஷ சர்வீஸ்ல நான் அதமட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் டைப் அடிச்சிருந்தேன்.