ஏரிச் சாலையில் சிவப்புக் குச்சிகள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஞாயிறு விடிந்தால் சைக்கிளோடு மலைக்குப் பின்னால் போய்விடுவார். அங்கே இரண்டு ஏரிகளுக்கு நடுவே, லாரி நுழைய முடியாத குறுகிய சாலை ஒன்று உண்டு. பதினோரு வருடமாக அதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

இந்த வருடம்தான், விடாமல் கெஞ்சிய தங்கை கணவரைக் கூட்டிப்போனார். அவர் நெடுஞ்சாலைத் துறையில் சர்வேயர். வளைவுக்கு வளைவு நின்று போனைப் பார்ப்பார். பாவம், மூச்சு வாங்குகிறது என்று கடைக்காரர் தண்ணீர் கொடுப்பார்.

ஒரு ஞாயிறு ஏரிக்கரை நெடுகச் சிவப்புக் குச்சிகளை நட்டுக்கொண்டிருந்தார்கள். விசாரித்தால், நால்வழிச் சாலை வருகிறதாம். அளவெடுத்துக் கொடுத்தது மாப்பிள்ளைதானாம். நேரே தங்கை வீட்டுக்குப் போனார்.

"என்கூட வந்ததெல்லாம் அளக்கத்தானா மாப்பிள்ளை?"

"கோவிச்சுக்காதீங்க மச்சான். வழி காட்டினது நீங்கதான்னு ரிப்போர்ட்ல உங்க பேரையும் போட்டிருக்கேன்," என்றார் மாப்பிள்ளை பெருமையாக.

கடைக்காரர் தங்கை முகத்துக்காக அவள் கொடுத்த காப்பியை மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை சைக்கிளும் ஹெல்மெட்டுமாக வீட்டு வாசலில் வந்து மணியடித்தபோது, உள்ளே இருந்துகொண்டே கதவைத் திறக்கவில்லை.