பட்டியலில் இல்லாத காரணம்

பகல் பன்னிரண்டு அடித்தால் அகஸ்ரின் கணினியை அப்படியே விட்டுவிட்டு எழும்பிவிடுவான். கூட்டம் நடந்தாலும் சரி, கொம்பனியின் பெரிய தலைகள் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, ஹெட்செற்றைக் காதில் மாட்டியபடியே குசினிக்குப் போவான். சோறு, பருப்பு, மீன் சொதி மூன்றையும் மிக்சியில் அடித்து, மருந்துக்கடையில் வாங்கிய மாவைக் கலந்து, தொண்டையில் தண்ணீராக ஓடாத பதத்துக்குத் தடிப்பாக்குவான். பிறகு மனைவி அன்ரனெற்றின் கட்டிலருகே கதிரையைப் போட்டுக்கொண்டு, ஒரு தேக்கரண்டி, ஒரு விழுங்கல், ஒரு மூச்சு என்று முக்கால் மணி நேரம் ஊட்டுவான்.

முதல் கரண்டி இறங்கியதும் அவள் சொல்வது ஒன்றேதான்.

"உப்புக் காணாது."

பாரிசவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது, தொண்டையில் பாதி போய்விட்டது. அவளுடைய பேச்சு அவனைத் தவிர வேறு ஒருவருக்கும் விளங்காது. வயிற்றில் குழாய் போட்டால் இரவில் அவள் உறங்கும்போதே சாப்பாடு தானாக இறங்கும் என்று டொக்டர் முதல் மாதமே சொன்னார். அன்ரனெற் அதற்கு மட்டும் மசியவில்லை.

"கையும் போச்சு, காலும் போச்சு. நாக்கு ஒண்டுதான் மிச்சம். அதையும் கேக்கிறாங்கள்" என்றாள்.

குளிப்பாட்டவும் புரட்டிப் படுக்கவைக்கவும் அரசாங்கம் ஒரு பெண்ணை அனுப்புகிறது. அவள் காலையிலும் வருவாள், கேட்டால் பகலிலும் வருவாள். ஆனால் புரையேறக்கூடிய ஆளுக்கு வாயால் உணவு கொடுக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. ஒருமுறை பழக்கமில்லாத ஒருத்தி இரக்கப்பட்டு நாலு கரண்டி கொடுத்ததில் சளிக்காய்ச்சல் வந்து, அன்ரனெற் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மகள் ஸ்டெபனி இருப்பது நாலு மணி நேரம் விமானத்தில் போகவேண்டிய எட்மன்ரனில். ஆக, பகல் சாப்பாடு என்றால் அகஸ்ரின்தான். அவன் வீட்டில் இருக்கும்வரை அவள் வாயால் சாப்பிடுவாள். விஷயம் அவ்வளவுதான்.

அவனுடைய வேலை ஒன்பதாயிரம் ஊழியர்கள் உள்ள ஒரு கொம்பனியின் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது. யார் வந்தார்கள், யார் லீவு கேட்டார்கள், யாருக்கு என்ன சலுகை என்பதெல்லாம் அவன் கட்டிய படிவங்களுக்குள்ளால்தான் போய்வரும். கொரோனா காலத்தில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியபோது, இனி அலுவலகம் என்ற ஒன்றே கிடையாது என்று நம்பி, நகரத்துக்கு வெளியே தள்ளி ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கினான். அப்படி நம்பிய புத்திசாலி அவன் ஒருவன் மட்டுமல்ல.

போன செப்ரெம்பரில் அறிவித்தல் வந்தது. ஜனவரியிலிருந்து கிழமையில் நாலு நாள் டவுன்ரவுன் அலுவலகத்துக்கு வரவேண்டும். வர முடியாதவர்கள் படிவத்தில் காரணத்தைத் தெரிவுசெய்து விண்ணப்பிக்கலாம்.

அந்தப் படிவத்தையும் கட்டியவன் அகஸ்ரின்தான். ஜூன் மாதம் நிர்வாகம் கொடுத்த காரணப் பட்டியலில் கடைசியாக 'மற்றவை' என்ற வரியும், பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு பெட்டியும் இருந்தன. அதைத் தூக்கச் சொன்னது வேறு யாருமல்ல, இதே மனுசன்தான். எழுத விட்டால் ஆளாளுக்குக் கதை எழுதுவார்கள், கதையை வைத்து அறிக்கை தயாரிக்க முடியாது என்று கூட்டத்தில் விளக்கினான். நிர்வாகத்தின் பெரியவர் மெச்சினார். அன்றைக்கு முழுவதும் அவனுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

தன் பாடு என்ன என்று அவன் யோசிக்காமல் இல்லை. "உன் விஷயம் எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். ஓகஸ்ற்றில் அந்த மேலாளரையே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். வாக்கும் அவரோடு போய்விட்டது.

அகஸ்ரின் படிவத்தைத் திறந்தான். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை. அறுபத்தைந்து தாண்டிய பெற்றோர். சொந்த நோய். கர்ப்பம். துக்கம். கணவன், மனைவி என்று ஒரு வரி இல்லை. அதெல்லாம் 'மற்றவை'க்குள் அடங்கியிருந்தது. கிட்டத்தட்டப் பொருந்துவதாக ஒன்றைத் தெரிவுசெய்து, மனைவியின் டொக்டர் கடிதத்தை இணைத்து அனுப்பினான். நாலு விநாடியில் பதில் வந்தது: காரணம் பொருந்தவில்லை. அந்த வசனமும் அவன் எழுதியதுதான்.

நிர்வாகப் பிரிவில் இருக்கும் நதீஷாவுக்குப் போன் எடுத்தான். அந்த ஜூன் கூட்டத்தில் அவளும் இருந்தவள்.

"நதீஷா, ஒரு வரி சேர்க்கவேணும். வருத்தக்கார மனிசியைப் பாக்கிறது எண்டு."

"விளங்குது அண்ணை. ஆனா என்னால கையால ஒண்டும் செய்யேலாது. எல்லாம் ஃபோர்முக்குள்ளாலதான் வரவேணுமெண்டு நீங்கள்தானே செய்து தந்தனீங்கள். மாத்தவேணுமெண்டா ரிக்கற் போடுங்கோ."

"போட்டா அது என்னட்டைத்தானே வரும்."

"ஓம் அண்ணை" என்றாள் அவள்.

மென்பொருளில் மாற்றம் கேட்கும் அந்த ரிக்கற்றைப் போட்டான். ஒரு நிமிடத்தில் அது அவனுடைய வரிசையிலேயே வந்து நின்றது. எத்தனை பேருக்குப் பாதிப்பு என்று கேட்டது. ஒன்பதாயிரம் பேரில் அவனைப் போல இன்னும் பலர் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் அவர்கள் தங்கள் காரணத்தை எழுதியிருக்கக்கூடிய இடத்தை அவனே இல்லாமல் செய்துவிட்டான். ஆதாரம் இல்லாமல் எண்ணைக் கூட்டினால் கணக்காய்வில் பிடிபடும், இருக்கிற வேலையும் போகும். ஒன்று என்று எழுதினான். ஒருவருக்கு மட்டும் பாதிப்பு என்றால் கடைசித் தரம். கடைசித் தரம் என்றால் ஏப்ரல் கடைசியில்தான் அதன் முறை வரும்; தன் வரிசையில் நின்றாலும் அதற்கு முன் அவன் அதைத் தொடக்கூடாது.

அன்ரனெற்றின் கட்டில் அவனுடைய மேசைக்குப் பக்கத்து அறையில்தான் கிடந்தது. அவளுக்குப் போனது கை கால்தான், காது அல்ல. டிசெம்பரில் ஒரு பகல், இரண்டாவது கரண்டியை விழுங்கிவிட்டு இடக்கையால் அவனுடைய கையைப் பிடித்தாள்.

"அந்தக் குழாயைப் போடச் சொல்லுங்கோ."

"விசர்க்கதை கதையாதையும். நான் வேலையை விடுறன்."

"விட்டா என்ர மருந்துக்கு என்ன வழி? கொம்பனி இன்சூரன்ஸ்தானே குடுக்குது."

எல்லா வழியையும் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் சொல்கிறாள் என்பது தெரிந்தது. தன் மேலேயே அவனுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. மிச்சத்தை ஊட்டினான். அன்றைக்கு உப்பைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரியில் குழாய் போட்டார்கள்; இனி வாயால் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அகஸ்ரின் இருட்டோடு ரயில் ஏறி, ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து, இருபத்தோராம் மாடியில் போய் இருந்து, அதே ஹெட்செற்றை மாட்டிக்கொண்டு, வேறு நகரங்களில் இருக்கும் ஆட்களோடு அதே கூட்டங்களில் பேசினான். பன்னிரண்டு மணிக்கு அவனுடைய கால் தானாக எழும்பப் பார்க்கும். பிறகு அடங்கிவிடும்.

ஏப்ரல் கடைசியில் அந்த ரிக்கற் வரிசையில் மேலே வந்தது. தேவை இன்னும் இருக்கிறதா என்று கேட்டது. பாதிப்பு: பூச்சியம் என்று எழுதினான். மூடுவதற்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒரு வரி அச்சொட்டாகப் பொருந்தியது: கேட்டவர் தானே மாற்றுவழி செய்துகொண்டார். அதைத் தெரிவுசெய்து மூடினான். நாலு விநாடியில் நன்றி சொல்லி மின்னஞ்சல் வந்தது.

பின்னேரம் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கட்டிலருகே கதிரையைப் போட்டான். குழாய் போட்ட நாளிலிருந்து அவள் தினமும் கேட்பதைத்தான் அன்றும் கேட்டாள்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"கீழ்க் கடையில சூப்பும் பாணும்."

"எப்பிடி இருந்தது?"

நல்ல சூப்தான். சூடாக, மிளகு போட்டு, ருசியாகத்தான் இருந்தது.

"உப்புக் காணாது" என்றான்.