பனியில் தெரிகிற எழுத்து

சுமலதா கோயமுத்தூரில் போட்ட கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து அடுக்கினால் ஒரு லாரிக்கு ஆகும். காதுகுத்து, கிரகப்பிரவேசம், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, எதைக் கேட்டாலும் வந்தவர் டீ குடித்து முடிப்பதற்குள் டிசைனைத் தயார் பண்ணி, "பேரெல்லாம் சரியான்னு ஒருக்கா பாத்துக்குங்க" என்று நீட்டிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் இப்போது தன் சொந்தக் கடைக்கு ஒரு நோட்டீஸ் போட வராமல், குன்னூரில் கம்ப்யூட்டருக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு வரவில்லை.

அவள் பிறந்தது, வாக்கப்பட்டது எல்லாம் மலையில்தான். புருஷன் பாலுவுக்கு அருவங்காடு வெடிமருந்து பேக்டரியில் வேலை. அரசாங்க உத்தியோகம், விட்டுவிட்டு வர முடியாது. சுமலதாவுக்குத் தெரிந்த வேலையோ கீழே கோயமுத்தூரில், இராஜமாணிக்கம் என்பவருடைய அச்சகத்தில் இருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து இறங்குவாள், வாரக் கடைசியில் ஏறி வருவாள். நடுவில் லேடீஸ் ஹாஸ்டல். வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒரு நீலப் பை எப்போதும் தொங்கும். துண்டு, சோப்பு டப்பா, சீப்பு எல்லாம் அதிலேயே கிடக்கும். எடுத்து வைத்து என்ன, மறுபடி போடத்தானே வேண்டும்.

மகள் ரேணுகா சின்னப்பிள்ளையாக இருந்தபோது அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். பெரிய வகுப்புக்கு வந்ததும் அழுகை நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவளே பையை எடுத்து வாசலில் வைத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விடுவாள். அழுததைக் காட்டிலும் இது சுமலதாவை அதிகமாகச் சுட்டது.

பொங்கல் கழிந்ததும் வேலையை விட்டாள். இராஜமாணிக்கம் நல்ல மனுஷன். "மலை மேல யாரும்மா டிசைன் கேட்டு வரப்போறாங்க? சரி, உன்ற ஆசையக் கெடுப்பானேன். சீசன் ஆரம்பிக்கற வரைக்கும் உன்ற சேரை யாருக்கும் குடுக்க மாட்டேன். அதுக்குள்ள ஒரு முடிவச் சொல்லீரு" என்று அனுப்பி வைத்தார். இந்த நல்ல வார்த்தைதான் அவளைத் தூங்கவிடவில்லை. யாராவது திட்டி அனுப்பியிருந்தால் ரோஷத்திலாவது காலூன்றி நிற்கலாம். அங்கே ஒரு நாற்காலி காலியாகக் காத்துக்கொண்டிருக்கிறது என்றால், கால் தானாக பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பாதா?

மயில்சாமியின் பேக்கரிக்கு மேல் மாடியில் ஒரு அறை கிடைத்தது. கீழே வர்க்கி வேகும் வாசனை, மேலே 'சுமா டிசைன்ஸ்'. கடை திறந்ததும் ஆட்கள் வரத்தான் செய்தார்கள். வந்தவர்கள் எல்லாம் ஜெராக்ஸ் கேட்டார்கள். ஒருத்தர் ஆதார் கார்டை லேமினேஷன் பண்ணச் சொன்னார். இன்னொருத்தர் மொபைல் ரீசார்ஜ் உண்டா என்று கேட்டார். இது என்ன கடை என்றே ஊருக்குத் தெரியவில்லை. சீசனுக்கு முன்னால்தான் ஹோம்ஸ்டேக்காரர்களும் ஓட்டல்காரர்களும் டீத்தூள் கடைக்காரர்களும் போர்டு மாற்றுவார்கள், கார்டு அடிப்பார்கள். அவர்கள் கையில் ஒரு நல்ல நோட்டீஸ் போய்ச் சேர்ந்தால் பிழைத்தாள். இல்லாவிட்டால் நீலப் பை.

நோட்டீஸுக்கு முதலில் படம் வேண்டும். மலை ரயிலைப் போட்டுப் பார்த்தாள். குன்னூரில் சலூனில்கூட மலை ரயில் படம்தான். இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் போட்டாள். பார்க்கிறவன் டீத்தூள் கடை என்று நினைத்து அரைக் கிலோ கேட்பான். மலை முகடு போட்டாள். மலைமேல் இருக்கிறவனுக்கே மலையைக் காட்டி என்ன ஆகப்போகிறது என்று அதையும் அழித்தாள். எழுத்து அதற்கு மேல் தொல்லை. சுருள் சுருளாக இருந்த ஃபாண்ட் கல்யாணத்துக்கு அழைத்தது. தடித்தடியாக இருந்தது கட்சி மாநாட்டுக்குக் கூப்பிட்டது. ஊருக்கெல்லாம் பொருத்தம் பார்த்துக் கொடுத்தவளுக்குத் தனக்கு எது பொருத்தம் என்று மட்டும் பிடிபடவில்லை.

கடைசியில் ஒன்று அமைந்தது. லாம்ப்ஸ் ராக் வியூ பாயிண்ட் பக்கம் அவளே எடுத்த போட்டோ. தேயிலைச் சரிவு முழுக்க வெள்ளை வெளேரென்று பனி. அதன் மேல் மெல்லிசாக, மயிரிழை கனத்தில், வெள்ளை எழுத்தில் 'சுமா டிசைன்ஸ்'. திரையில் பார்த்தபோது அவளுக்கே புல்லரித்தது. பெங்களூர்க்காரன்கூட இப்படிப் போட முடியாது என்று ஒரு கர்வம் வந்தது. பாலுவிடம் காட்டினாள்.

"நல்லா இருக்குது" என்றான்.

பாலு சாம்பாருக்கும் அதைத்தான் சொல்வான், சம்பள உயர்வுக்கும் அதைத்தான் சொல்வான். அந்த 'நல்லா இருக்குது'வை வைத்துக்கொண்டு ஒன்றும் பண்ண முடியாது. இருந்தாலும் அன்றைக்கு அவளுக்கு அது இனித்தது.

பெரிய தாளில் ஒரு பிரதி எடுத்து பேக்கரி மாடிப்படிச் சுவரில் ஒட்டினாள். ரோட்டைத் தாண்டிப் போய் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு ரசித்தாள். வெயிலில் ஜம்மென்று இருந்தது. ரசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தூறல் போட்டது. தூறல் விட்டதும், வழக்கம்போல, மேட்டுப்பாளையம் பக்கமிருந்து, ஊரில் மிஸ்ட் என்று சொல்கிற பனிமூட்டம் ஏறி வந்தது. முதலில் எதிர்ச் சரிவு போயிற்று. பிறகு பேக்கரியின் மாடி போயிற்று. பேக்கரியின் சிவப்பு போர்டு மங்கலாகவாவது தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் அவளுடைய நோட்டீஸ் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பனியைப் படமாகப் போட்டவளின் நோட்டீஸைப் பனியே வந்து வாயில் போட்டுக்கொண்டது.

பஸ்ஸுக்காக நின்றிருந்த தெய்வம்மா அவளை எட்டிப் பார்த்தாள். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள், சின்ன வயதில் சிலோனிலிருந்து குடும்பத்தோடு வந்தவள். பேக்கரியில் பன் வாங்க வருகிற பழக்கத்தில் சுமலதாவைத் தெரியும்.

"ஏன் புள்ள, அந்தச் செவுத்துல வெறுங் கடதாசிய எதுக்கு ஒட்டி வச்சிருக்க?"

சுமலதாவுக்கு முதலில் அழுகை முட்டியது. அப்புறம் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவே இல்லை. பிறந்ததிலிருந்து இந்தப் பனிக்குள்தான் நடந்திருக்கிறாள், இதற்குள்தான் பள்ளிக்கூடம் போனாள், கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை கார் எது என்று தெரியாமல் வேறு காரில் ஏறப் பார்த்ததும் இதே பனியால்தான். அதை மறந்துவிட்டு, ஹாஸ்டல் ஜன்னல் வழியாக மலையைப் பார்க்கிறவள் மாதிரி ஒரு நோட்டீஸ் போட்டிருக்கிறாளே! சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. தெய்வம்மாவும் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தாள்.

அன்றைக்கே முடிவு பண்ணினாள். எழுத்தை இனி அவள் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. மிஸ்ட் தேர்ந்தெடுக்கட்டும்.

மறுநாள் மாடிப்படிக் கம்பியிலிருந்து கரண்டு கம்பம் வரைக்கும் ஒரு நைலான் கயிறு கட்டினாள். துணி காயப்போடுவதுபோல் கிளிப் மாட்டி, விதவிதமான எழுத்தில், விதவிதமான நிறத்தில் 'சுமா டிசைன்ஸ்', 'சுமா டிசைன்ஸ்' என்று வரிசையாகத் தொங்கவிட்டாள். எதிர்ப்பக்கம் போய் நின்றாள். மிஸ்ட் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வேண்டாத நாளெல்லாம் வீட்டுக்குள் வந்து படுக்கையை ஈரமாக்கிவிட்டுப் போகிற சனியன், வேண்டுமென்றதும் பிகு பண்ணியது. வெயில் பளீரென்று அடித்தது. டூரிஸ்ட்டுகள் கயிற்றுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

"ஏனுங் அம்முணி, துணி இன்னுங் காயலீங்களா?" என்று மயில்சாமி கீழேயிருந்து கிண்டல் பண்ணினார்.

"உங்க வர்க்கியைத் தின்னு பல்லு போனவங்க சாபங்ண்ணா, மிஸ்ட் வர மாட்டேங்குது" என்றாள் இவள்.

வந்தது, அடுத்த நாள் மத்தியானம். வந்ததும் சாதாரணமாக வரவில்லை, ரோட்டையே மூடிக்கொண்டு வந்தது. சுமலதா படியிறங்கி ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் தெய்வம்மா நின்றிருந்தாள். மயில்சாமி மாவுக் கையோடு வெளியே வந்தார். பஸ்ஸுக்கு நின்ற மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"எது தெரியுதுன்னு பாத்துச் சொல்லுங்க!" என்று கத்தினாள் சுமலதா.

அவ்வளவுதான், சந்தை கூடிவிட்டது. "மூணாவது தெரியுது." "எங்க தெரியுது? அது கரண்டு கம்பம்." "அந்தக் குண்டு எழுத்து போடுங்க அம்முணி, அடுப்புகிட்ட இருந்தே படிக்கலாம்" என்றார் மயில்சாமி. "அது ஓட்டுக் கேக்குற எழுத்து, வேணாம்" என்று தெய்வம்மா வெட்டினாள். "அந்தக் கறுப்புக் கரை போட்டது?" "ஐயோ, அது பதினாறாம் நாள் காரியத்துக்கு." முன்பின் தெரியாத ஆளெல்லாம் ரோட்டோரத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்கள், சண்டை போட்டார்கள். பஸ் வந்தது. ஏறுவாரில்லை. டிரைவரும் தலையை நீட்டி, "வலது பக்கத்துல ரெண்டாவதுங்க" என்று தன் ஓட்டைப் போட்டுவிட்டுப் போனார்.

வலது பக்கத்தில் இரண்டாவதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. நேரான, தடித்த, வேலைப்பாடில்லாத எழுத்து. எழுத்துக்கு எழுத்து நல்ல இடைவெளி. அச்சகத்தில் சுமலதா அதை ஒருநாளும் தொட்டதில்லை, ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கியே வைத்திருந்தாள். பனிக்குள் அது திடமாக, சிரித்த முகமாக நின்றது.

நிறம்? அதற்குக் கயிற்றைப் பார்க்க வேண்டியே இருக்கவில்லை. அத்தனை வெள்ளைக்குள் அவள் கண்ணில் பளிச்சென்று பட்டது தெய்வம்மாவின் கையிலிருந்த கேரட் கட்டு. கேரட் நிறத் தாள், அதில் கறுப்பு எழுத்து. முடிந்தது.

படம் மட்டும் பாக்கி. அதைக் கொடுத்தவன் பாலு. காலை ஷிப்ட் முடிந்து வந்தவன், கூட்டத்துக்குப் பக்கத்திலேயே நின்று இந்தக் கூத்தைப் போனில் எடுத்து வைத்திருந்தான். மயில்சாமி மாவுக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார். தெய்வம்மா கேரட்டை நீட்டி எதையோ காட்டுகிறாள். பின்னால் குடைகள், நீண்ட கழுத்துகள், சுருங்கிய கண்கள். சுமலதா அதைப் பார்த்துக் கோட்டோவியமாக வரைந்தாள். போடலாமா என்று இரண்டு பேரிடமும் கேட்டாள். மயில்சாமி தொப்பையைக் குறைத்தால் சரி என்றார். தெய்வம்மா காதுத் தோட்டைப் பெரிசாகப் போடச் சொன்னாள். இரண்டையும் செய்தாள். அடியில் ஒரே வரி: 'மிஸ்ட்ல தெரியுதுங்களா? அப்போ உள்ள வாங்க.'

பேப்பர்காரரிடம் சொல்லி காலைப் பேப்பருக்குள் வைத்து அனுப்பினாள். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. அடுத்த நாள் ஒருத்தர் வந்தார், ஜெராக்ஸ் கேட்டார். சுமலதா அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவுக்குப் பின்னால் தொங்கிய பையைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை லோயிஸ் வந்தாள். வெலிங்டன் பக்கம் ஹோம்ஸ்டே வைத்திருப்பவள். கேரட் நிற நோட்டீஸை மேஜையில் போட்டாள்.

"ஏனுங்க, என்ற வீட்டு போர்டு இங்கிலீஷ்ல கொடி கொடியா, அவ்வளவு அழகுங்க. ஆனா மிஸ்ட் வந்தா கெஸ்ட்டெல்லாம் கேட்டைத் தாண்டி எங்கியோ போயிடறாங்க. போன வாரம் ஒரு குடும்பம் பக்கத்து ஊட்டுக்குள்ள போயி பெட்டியெல்லாம் எறக்கி வெச்சுட்டாங்க. என்ற போர்டையும் வாசல்ல நீங்க கட்டியிருக்கற கயித்துல மாட்டிப் பாருங்களேன்!"

புது எழுத்தில் போட்டு, மிஸ்ட் வந்த நேரம் பார்த்து மாட்டினார்கள். லோயிஸே எதிர்ப்பக்கம் நின்று படித்தாள். அதைப் பார்த்து டீத்தூள் கடைக்காரர் வந்தார். அவரைப் பார்த்து ஒரு ஸ்வெட்டர் கடைக்காரர் வந்தார். சீசன் நெருங்க நெருங்கக் கயிற்றில் இடமில்லாமல் போயிற்று. மிஸ்ட் இறங்கினால் போதும், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் தாங்களாகவே, "இன்னைக்கு என்னம்மா மாட்டியிருக்கே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சுமலதாவுக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் வேலை மட்டும் ஓடியது.

சித்திரை பாதியில் இராஜமாணிக்கத்துக்குப் போன் பண்ணினாள். எப்படிச் சொல்வது என்று ஒத்திகை வேறு பார்த்து வைத்திருந்தாள்.

"சார், என்ற சேரை வேற ஆளுக்குக் குடுத்துருங்க..."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அட, குடுத்து ரொம்ப நாளாச்சும்மா! பாலு உன்ற நோட்டீஸை எனக்கு வாட்ஸ்அப்புல போட்டிருந்தாரு. பாத்த அன்னைக்கே ஆளைச் சேத்துட்டேன். இதைப் போட்டவ திரும்பி வருவாளா?"

போனை வைத்தாள் சுமலதா. காலியே இல்லாத ஒரு நாற்காலிக்குப் பயந்துகொண்டா இத்தனை நாள் இருந்தோம் என்று நினைத்து, தனியாகவே சிரித்தாள். பாலுவிடம் ஏன் சொல்லாமல் அனுப்பினீர்கள் என்று கேட்டாள். "நல்லா இருந்துச்சு, அனுப்புனேன்" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேணுகா நீலப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போல வாசலுக்குக் கொண்டுபோகவில்லை. அம்மாவின் மடியில் வைத்தாள்.

"அம்மா, ஸ்கூல்ல மைசூர் டூர் கூட்டிட்டுப் போறாங்க. இந்தப் பை இனி உனக்கு வேண்டாமில்ல? நான் எடுத்துக்கட்டுமா?"

சுமலதா ஜிப்பைத் திறந்தாள். துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள். சீப்பைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். சோப்பு டப்பாவைக் குளியலறையில் வைத்துவிட்டு வந்து, பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி, மகளிடம் நீட்டினாள்.

"எடுத்துக்க கண்ணு" என்றாள்.