சைடு கவரில் ஒரு பெயர்

சத்தியநேசன் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைக்குப் பித்தான் தைத்தால்கூட முடிச்சு வெளியே தெரியக்கூடாது. கேட்டுக்குப் பெயின்ட் அடித்தால் தரையில் ஒரு சொட்டு கிடக்காது. ஊரெல்லாம் மெச்சும். அப்படி ஒரு மனுஷனோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தால்தான் எவ்வளவு எரிச்சல் என்று தெரியும். மனைவி ஜெபராணி காலமெல்லாம் இருந்து பார்த்தவள்.

ஒரே மகன் ஹெப்ரான். மோட்டார் சைக்கிள் கேட்டு ஒற்றைக்காலில் நின்றான். சத்தியநேசன் மறுத்துவிட்டார். ஜெபராணிதான் வளையலைக் கழற்றிக் கொடுத்து வாங்கவைத்தாள். வண்டி வந்த மறுநாளே சீட்டுக்குக் கீழே இருக்கும் கறுப்பு சைடு கவரில் ‘ஜெபராணி’ என்று வெள்ளை ஸ்டிக்கரை எழுத்தெழுத்தாக வெட்டி ஒட்டிக்கொண்டு வந்தான். அப்பா பெயர் இல்லை. கொடுக்காதவர் பெயரை யார் எழுதுவார்கள்? ஆனாலும் சத்தியநேசனுக்குச் சுருக்கென்றது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலையில் அப்பாவுக்கும் மகனுக்கும் வாய்ச்சண்டை. எதற்கென்று கேட்டால் இப்போது அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது, அவ்வளவு அற்ப விஷயம். “அந்த வண்டியிலயே போய்த் தொல” என்று சொன்னார். அன்று உவரியில் கூட்டாளி வீட்டுக்குப் போன பையன் திரும்பி வருகிற வழியில், நாலுவழிச்சாலையில் லாரி அடித்துச் செத்துப்போனான். அவர் சொன்னது அடுக்களையில் நின்ற ஜெபராணியின் காதில் விழுந்திருந்தது. அதைப்பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம் என்று அவருக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

வண்டியைக் காவல் நிலையத்து வளாகத்தில் போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லியும் சத்தியநேசன் போகவில்லை. வழக்கு முடிந்த பிறகும் போகவில்லை. ஜெபராணிதான் அவ்வப்போது பஸ் ஏறிப் போய், கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவாள். ஆறு வருஷம் அது வெட்டவெளியில் கிடந்து திருநெல்வேலி வெயில் முழுவதையும் வாங்கியது. கேட்பாரற்ற வண்டிகளை ஏலம் விடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் போய் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தார்.

கறுப்பாக இருந்த பிளாஸ்டிக்கெல்லாம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. ஸ்டிக்கர் வெயிலில் சுருண்டு எப்போதோ உதிர்ந்துவிட்டது. ஆனால் அது ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் வெயில் படவில்லை. அதனால் நரைத்துப்போன சைடு கவரின் நடுவே ‘ஜெபராணி’ என்ற எழுத்து மட்டும் கறுகறுவென்று நின்றது. சாயங்காலம் ஆனால் அவள் முன்வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்த எழுத்தின்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருப்பாள்.

சத்தியநேசனால் அதைப் பார்க்க முடியவில்லை. மகனுக்குச் செய்யாமல் விட்டதற்கெல்லாம் ஈடாக இதையாவது செய்துவிடலாம் என்று நினைத்தார். வண்டி பழையபடி கறுப்பானால் அவள் முகமும் கொஞ்சம் தெளியும் என்று நம்பினார். வண்டிகளுக்குப் பாலிஷ் போடும் அம்பலவாணன் அவருக்குத் தெரிந்தவன். தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போதுமா என்று அவனிடம் கேட்டார்.

“எண்ண தேச்சா தூசிதான் அப்பும் அண்ணாச்சி. ஹீட் கன் வச்சு பைய சூடு காட்டணும். உள்ள இருக்க கறுப்பு தானா மேல வந்துரும். ஒரே எடத்துல நின்னியன்னா உருகிப்போவும்” என்றான் அவன்.

கவரில் ஒரு பெயர் இருக்கிறது, அது கெடக்கூடாது என்று இவர் சொன்னார். அவன் ஸ்டிக்கர் என்று நினைத்துக்கொண்டான். அப்படியானால் அதைத் தொடாமல் சுற்றிக் காட்டுங்கள் என்று சொல்லி, அனல்காற்று ஊதும் ஹீட் கன்னையும் குறுகிய மூக்கு மாட்டிக் கொடுத்தனுப்பினான்.

வெள்ளிக்கிழமை ஜெபராணி உபவாசக் கூட்டத்துக்குப் போனதும் சத்தியநேசன் வேலையைத் தொடங்கினார். கழுவித் துடைத்துக் காயவைத்தார். முதலில் மட்கார்டு. சூடு பட்ட இடத்தில் நரை கரைந்து கறுப்பு மேலேறி வந்தது. பையன் புது வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய நாளில் திரும்பிக்கூடப் பார்க்காதவர், இப்போதுதான் அதை முதல்முறையாகப் பார்த்தார்.

கடைசியாக சைடு கவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தையும் சுற்றி ஓரம் பிசகாமல் சூடு காட்டினார். ‘ஜெ’யின் கொம்பு, சுழி, ‘ணி’யின் வளைவு, ஒன்றின்மேலும் படவிடவில்லை. அவர் கண்ணெல்லாம் ஹீட் கன்னின் மூக்கு நுனியில்தான் இருந்தது. முடித்து நிமிர்ந்து இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார்.

கவர் முழுக்க ஒரே கறுப்பாக இருந்தது. எழுத்து எதையும் அவர் தொடவில்லைதான். ஆனால் சுற்றிலும் நரைத்துக் கிடந்ததால் அல்லவா அந்த எழுத்தே கண்ணுக்குத் தெரிந்தது. குனிந்து பார்த்தார், சாய்ந்து பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார். எங்கும் வழவழவென்றுதான் இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் வந்ததும் குடிக்கட்டும் என்று அவர் வைத்திருந்த கஞ்சி அடுப்படியில் ஆறிக்கொண்டிருந்தது.

ஜெபராணி வேதாகமப் பையோடு கேட்டைத் திறந்து வந்தாள். வண்டியைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அவர் நினைத்தது சரிதான். பிறகு சைடு கவர் பக்கம் வந்து, வழக்கமான இடத்தில் விரலை வைத்தாள்.

“எம்பேரு எங்க?”

“நான் ஒரு எழுத்தக்கூடத் தொடல ஜெபா. சுத்தித்தான் காட்டுனேன்.”

அவள் கவரின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு, சத்தம் உயராமல் கேட்டாள்.

“ஒங்க பேரு அதுல இல்லன்னுதான அழிச்சிய?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்த ‘ஜெ’யைச் சுற்றி வரும்போது, நான் வாங்கிக் கொடுத்திருந்தால் இங்கே யார் பெயர் இருந்திருக்கும் என்று அவர் நினைத்தது உண்மை. அதனால் அந்த ஒரு சொல் வெளியே வரவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள். கஞ்சியைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் வண்டி நகரும் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஜெபராணி தனியாகவே மூச்சு வாங்க அதை நிழலிலிருந்து வெளியே தள்ளி, வெயிலில் நிறுத்திக்கொண்டிருந்தாள். ஒட்டி மறைக்க ஸ்டிக்கர் இல்லாமல் வெயிலில் வைத்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் நரைக்கும். அதைச் சொல்ல அவர் வாசல்வரை வந்தார்.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெயர் இருந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். மணி பதினொன்றுக்கெல்லாம் அந்தக் கறுப்பு நெருப்பாய்ச் சுடும் என்று சத்தியநேசனுக்குத் தெரியும். அவள் கையை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லும் தைரியம் அவருக்கும் வரவில்லை.