கண்டெய்னரிடம் கேட்காத டிக்சன்

தூத்துக்குடியில் ஒரு கப்பல் சரக்கு முகவர் அலுவலகத்தில் கணினிப் பொறுப்பாளராக இருக்கும் நா. டிக்சன் அவர்கள், பிறந்தது முதல் நாற்பத்தொரு வயது வரை எவரிடமும் எதையும் கேட்டறிந்ததில்லை. மாமனிதர்களின் வரலாறு இப்படி ஒரு குணத்திலிருந்துதான் தொடங்கும். இவருடையதும் அங்கிருந்தே தொடங்கட்டும்.

சொந்த ஊர் நாசரேத். படித்தது பொருளாதாரம். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை ஒருநாள் கிழியாமல் உருவி எடுத்தார் என்பதற்காகக் கணினித் துறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. "இது எப்படிலே உனக்குத் தெரியும்?" என்று முதலாளி மெல்வின் பர்னாந்து வியந்தபோது, டிக்சன் தமது வாழ்நாள் வாசகத்தைச் சொன்னார்: "இது தெரியாதா சார்?"

இந்த வாசகத்துக்காக அவர் பட்ட பாடுகள் கொஞ்சமல்ல. ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற பேருந்து நாசரேத் போகுமா என்று கேட்காமல் ஏறியவர், சாத்தான்குளத்தில் இறங்கி, வேண்டுமென்றே வந்தவர் போலச் சித்தி வீட்டுக்குப் போய் ராத்தங்கினார். காயல்பட்டினத்தில் ஒரு வாடிக்கையாளர் வீட்டைத் தேடிச் சந்து சந்தாக வண்டியில் சுற்றிக்கொண்டிருந்தார். அதே பச்சைக் கதவை மறுபடி மறுபடி கடந்தவரைப் பார்த்து, "யாரு வூட்டத் தேடுறிய?" என்று ஒருவர் பரிவோடு கேட்டார். "சும்மா காத்து வாங்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு, கொடுக்கக் கொண்டுபோன காகிதங்களோடு தூத்துக்குடிக்கே திரும்பி வந்தார். அந்தச் சந்தில் காற்று நுழையக்கூட இடமில்லை.

அவருடைய மனைவி ஷீஜா, கல்யாணத்துக்கு முன் பாலிடெக்னிக்கில் கணினிப் பாடம் நடத்தியவர். இப்போது வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறார். இந்த வரலாற்றில் இவருக்குச் சிறிய இடம்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. பெரிய இடத்தில் டிக்சன் உட்கார்ந்திருந்தார்.

நடந்தது இதுதான். சரக்குக் காகிதங்களை ஸ்கேன் செய்து ஏற்றி, துறைமுக வாசலுக்கு அனுமதிச் சீட்டு எடுக்க ஒரு வலைச் செயலி வேண்டும் என்றார் மெல்வின். "நானே எழுதுதேன் சார்" என்றார் டிக்சன். எழுதியது ஷீஜா. மாலை வேளைகளில் மனைவி தட்டச்சு செய்ய, கணவர் பின்னால் நின்று பொத்தான்களுக்கு நிறம் சொன்னார். நீலம் என்றார், பிறகு இன்னும் கொஞ்சம் நீலம் என்றார். முடிந்ததும் ஷீஜாவின் பழைய மடிக்கணினியையே அலுவலகத்துக்குக் கொண்டுபோய், மேசைக்கு அடியில் வைத்து, 'சர்வர், தொடாதே' என்று சீட்டு ஒட்டினார். செயலி அதில் ஓடத் தொடங்கியது. டிக்சனின் புகழும் கூடவே ஓடியது.

அதற்கு முன்னால் ஒருநாள், மனைவியின் வேலையை மேற்பார்வையிடும் பொருட்டு அவர் நிரலைத் திறந்து பார்த்தார். புரியாத வரிகளுக்கு நடுவே புரிகிற மாதிரி ஒரே ஒரு குறிப்பு இருந்தது: 'கண்டெய்னரிடம் கேட்டு, தற்காலிக இடத்தை வாங்கவும்.'

டிக்சனுக்கு உள்ளம் கசிந்தது. துறைமுகக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷமாகியும், கண்டெய்னர் என்பது லாரியில் போகும் இரும்புப் பெட்டி என்று இவளுக்குத் தெரியவில்லையே! இரும்புப் பெட்டியிடம் எதைக் கேட்பது? அது எப்படிப் பதில் சொல்லும்? இதைப் பற்றி அவளிடமே விசாரித்திருக்கலாம். ஆனால் மனைவியின் அறியாமையை முகத்துக்கு நேரே எடுத்துக் காட்டுவது பண்பாகாது என்று கருதினார். கேட்கும் வரியைச் சத்தமில்லாமல் அழித்தார். அந்த மடிக்கணினியில், தற்காலிகம் என்ற பொருளில் 'டெம்ப்' என்று கண்ணில் பட்ட ஒரு ஃபோல்டரின் முழு முகவரியையும் பிரதி எடுத்து அங்கே ஒட்டினார். முகவரியில் இருந்த பெயர்களை அவர் பார்க்காமல் இல்லை. சட்டைக்கு உள்ளே இருக்கும் பனியனை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

மொத்தச் செயலியிலும் டிக்சன் கைப்பட எழுதிய வரி அது ஒன்றுதான்.

செயலியின் பெருமை கேட்டு இறால் ஏற்றுமதிக்காரர்கள் இருவர் நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மெல்வின் புதிய சர்வர் வாங்கினார். செயலி அதற்குக் குடிபெயர்ந்தது. சுவரில் பெரிய திரை ஏறியது. 'நா. டிக்சன், மென்பொருள் தலைமை அதிகாரி' என்று பொன்னெழுத்தில் ஒரு பெயர்ப்பலகையும் செய்து, செய்தித்தாளில் சுற்றி, மேசை மேல் தயாராக வைத்திருந்தார்கள். விருந்தினர் முன்னிலையில் அதைக் கையில் வாங்கிவிட்டால், அப்புறம் ஊரில் எவனும் தம்மைப் பிரிண்டர்க்காரன் என்று சொல்ல முடியாது என்பது டிக்சனின் கணக்கு. அவர்கள் வந்த அன்று, சட்டையின் அயர்ன் மடிப்புக் கலையாதிருக்க, காலையிலிருந்து அவர் உட்காரவே இல்லை.

வந்தவர்களுடைய இறால் கண்டெய்னர் ஒன்றே துறைமுக வாசலில் நின்றது. அதற்கான காகிதத்தை இங்கிருந்து ஏற்றி, அவர்கள் கண்முன்னே சீட்டு எடுத்துக் காட்டுவதாக ஏற்பாடு. ஆவணப் பிரிவு விஜிலா பொத்தானை அமுக்கினாள். நீலப் பொத்தான்தான்.

திரையில் சிவப்பாக வந்தது:

'இந்த இடம் இல்லை: சி / யூசர்ஸ் / ஷீஜா / டெஸ்க்டாப் / அத்தான்_ஹோம்வொர்க் / டெம்ப்.'

பெரிய திரை என்பதால் எழுத்தும் பெரிதாக இருந்தது.

விஜிலா ஒருமுறை உரக்கப் படித்தாள். பிறகு, "டிக்சன் அண்ணாச்சி, இதுல அத்தான் யாரு?" என்றாள்.

டிக்சனின் காதுகள் முதலில் சிவந்தன. அது கழுத்துக்கு இறங்கி, அயர்ன் செய்த காலருக்குள் புகுந்தது.

"ஷீஜா உன் பொஞ்சாதில்லாலே?" என்றார் மெல்வின்.

"ஆமா சார். அது சும்மா... ஒரு பேருக்கு..."

"பேருக்கா? ஹோம்வொர்க்னு போட்டிருக்கே?"

"திரைய அணைச்சிரட்டுமா சார்?"

"பொட்டி வாசல்ல நிக்கி, நீ திரைய அணைக்கப் போறியா? பொஞ்சாதிக்கு ஃபோனப் போடு."

டிக்சன் போட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு சந்தேகம் கேட்பதற்காக வாயைத் திறந்தார். வாய் திறந்தது, கேள்வி வரவில்லை.

"என்ன அத்தான்? குக்கர் வச்சிருக்கேன், சட்டுனு சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல, சும்மாதான்... சாப்பிட்டியா?"

மெல்வின் கைபேசியைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார். "யம்மா, நான் மெல்வின் பேசுதேன். காயிதத்த ஏத்துனா எடம் இல்லன்னு வருது. அதுல உங்க பேரும் இருக்கு."

"எம் பேரா?" ஷீஜாவின் குரல் அலுவலகம் முழுக்கக் கேட்டது. "நான் எடத்த எழுதவே இல்லியே சார். ஏத்துற ஃபைல முதல்ல ஒரு எடத்துல இறக்கி வைக்கணும். ஓடும்போதே கண்டெய்னர்கிட்ட கேட்டு அந்த எடத்த வாங்கிக்கிடுற மாதிரில்லா எழுதியிருந்தேன்."

"கண்டெய்னர்கிட்டயா? அது வாசல்ல நிக்குதுக்கா. டிரைவருக்கு ஃபோன் போட்டுத் தரவா?" என்றாள் விஜிலா.

ஷீஜா சிரித்துவிட்டார். "அந்தக் கண்டெய்னர் இல்ல. புரோகிராம் குடியிருக்குற சாஃப்ட்வேருக்கும் அதான் பேரு. டெம்ப் ஃபோல்டர் எங்கன இருக்குன்னு அதுக்குத்தான் தெரியும். மெஷின் மாறுனா எடமும் மாறிப்போகும். அதனால நாம முடிவு பண்ணக்கூடாது, கேக்கணும். அந்த வரிய யாரு சார் மாத்துனது?"

பதில், அயர்ன் செய்த சட்டையோடு சுவரோரமாக நின்றது. இறால்காரர்களில் ஒருவர் நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார். மற்றவருக்கு அவ்வளவு நாகரிகம் இல்லை.

"நான்தான்" என்றார் டிக்சன்.

குக்கர் விசில் அடித்தது. பிறகு ஷீஜா, குரலைத் தாழ்த்தி, "சரி அத்தான், நான் சொல்லச் சொல்ல அடிங்க" என்றார். ஸ்பீக்கரில் இருக்கும்போது தாழ்ந்த குரலும் எல்லோருக்கும்தான் கேட்கும். டிக்சன் தமது ஒரே வரியைத் தாமே அழித்துவிட்டு, கேட்கும் வரியை எழுத்தெழுத்தாக அடித்தார். செயலி கேட்டது. அதனுடைய கண்டெய்னர் ஓர் இடத்தைச் சொன்னது. காகிதம் ஏறியது, சீட்டு வந்தது, இறால் உள்ளே போனது. கேட்டதற்காக எவரும் அதைக் குறைவாக நினைத்ததாகத் தெரியவில்லை.

இறால்காரர்கள் போகும்போது மெல்வினிடம், "அந்தம்மா நம்பர் கிடைக்குமா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மேசை மேலிருந்த பொட்டலத்தை மெல்வின் பிரிக்கவில்லை. மாலையில் டிக்சன் கையில் அப்படியே வைத்து, "கொண்டுபோயிரு. இது இங்கன வேற யாருக்கும் உதவாது" என்றார். திட்டியிருந்தால் டிக்சனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போகும் வழி அவருக்குத் தெரியும். இருந்தும் அன்று உப்பளங்களைச் சுற்றிக்கொண்டு போனார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, துடைக்க வேண்டியதில்லாத அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஷீஜா கதவைத் திறந்தார்.

"அது கையில என்ன அத்தான்?"

செய்தித்தாள் ஓர் ஓரத்தில் கிழிந்து, 'தலைமை' என்பது மட்டும் பொன்னாக வெளியே தெரிந்தது. டிக்சன் அதை உள்ளங்கையால் மூடினார். 'இது தெரியாதா?' என்று சொல்ல எழுந்த நாக்கு பாதியில் நின்றது. தரையைப் பார்த்தபடி, காதெல்லாம் மறுபடி சிவக்க, அவர் கேட்டார்:

"ஷீஜா, இத எங்கன வைக்கட்டும்?"

ஷீஜா வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"இப்போதைக்கு பீரோ மேல வைங்க."