எனக்காக வாங்கிய கார்டுகள்

தொண்ணூறுகளில் காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். எட்டாம் வகுப்புப் பையன்கள் பெஞ்சுக்கு அடியில் கிரிக்கெட் கார்டுகளை வைத்து விளையாடுவார்கள். பபிள்கம் வாங்கினால் உள்ளே ஒரு கார்டு வரும். முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் அவர் அடித்த ரன்னும் எடுத்த விக்கெட்டும். ஆளுக்கொரு கார்டை இறக்குவார்கள். யாருடையதில் ரன் அதிகமோ, அவனுக்கு இரண்டும். ஒருநாள் ஒரு கார்டுக் கட்டைப் பிடுங்கி ஸ்டாஃப் ரூம் டிராயரில் போட்டேன். சாயங்காலம் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அதை எடுத்துப் பார்த்தது என் தப்பு. தப்பு என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

காலேஜில் படிக்கும்போது ரேடியோ வர்ணனையைக் கேட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஸ்கோர் எழுதியவள் நான். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அதெல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கட்டிலிருந்த ஒரு கார்டில் ஒரு பந்துவீச்சாளர் இரண்டு காலும் தரையில் இல்லாமல் எம்பி நின்றார். கார்டுகளுக்கு வரிசை எண் உண்டு. ஆறு இருந்தது, எட்டு இருந்தது, ஏழைக் காணோம். கட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அந்த ஏழு மனதை விட்டுப் போகவில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியில், ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் கார்டு கடை இருந்தது. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். கொடி கட்டி, துணி கிளிப்பில் கார்டுகளை வரிசையாக மாட்டியிருப்பார். பையன்கள் வேண்டாத கார்டைக் கொடுத்து வேண்டியதை வாங்கிப் போவார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"டீச்சர், நான் பிள்ளைகளைக் கெடுக்கல. இங்ஙன நின்னு விளையாடக் கூடாதுன்னு தினம் வெரட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எனக்கு ஏழாம் நம்பர் வேணும்ணே."

"பையனுக்கா?"

"எனக்கு."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து தேட ஆரம்பித்தார். ஏன், எதற்கு என்று அன்றும் கேட்கவில்லை, அதன் பிறகும் கேட்டதில்லை. என் வாழ்க்கையில் என்னிடம் காரணம் கேட்காத ஆள் அவர் ஒருவர்தான்.

போகப்போகத் தெரிந்தது, அவருக்குக் கிரிக்கெட்டே தெரியாது. ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. முன்னால் ஒரு டூரிங் டாக்கீஸுக்குப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தவர். அதனால் காகிதம் தெரியும், முகம் தெரியும். கார்டுகளை நாடு வாரியாகவோ எண் வாரியாகவோ அடுக்க மாட்டார். இரண்டே டின். "இது நம்மளப் பாக்குறவுக, இது பாக்காதவுக" என்பார். பந்தைப் பார்ப்பவர், வானத்தைப் பார்ப்பவர், நடுவரிடம் சண்டை போடுபவர் எல்லாரும் இரண்டாவது டின். ஏழாம் நம்பரைத் தேட அவருக்கு அரை மணி நேரம் ஆனதற்கு இதுதான் காரணம். ஆல்பத்தில் கார்டை ஒட்டப் போகிறேன் என்று எந்தப் பையனாவது சொன்னால், விற்க மாட்டார். "பசை பட்டா காகிதம் செத்துப்போச்சுடா, போ அங்குட்டு."

சரக்குக்காக சிங்கம்புணரி வரை பஸ் ஏறுவார். பெட்டிக்கடைகளில் விற்காமல் கிடக்கும் பழைய பபிள்கம் டப்பாக்களை அப்படியே வாங்கி வருவார். ஒருமுறை கண்டனூரில், வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டில் கல்யாணம். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் விட்டுப்போன ஒரு கட்டை வீட்டு வேலையாள் இவரிடம் கொடுத்திருக்கிறார். பார்த்தால் பேஸ்பால் கார்டுகள். பையன்கள் சுற்றி நின்று சிரித்தார்கள்: "என்ன மட்டைணே இது, உலக்கை மாதிரி இருக்கு?" ஒருவனும் வாங்கவில்லை. அவர் அசரவில்லை. எல்லாவற்றையும் முன்வரிசையில் மாட்டினார். "என்ன ஆட்டமா இருந்தா என்ன, மூஞ்சி எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க டீச்சர்." நான் ஒன்று வாங்கினேன். குண்டாக, தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சிரிக்கும் ஒரு மனிதர். அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. பிறகு ஒரு பையன் தன் ஜாமெட்ரி பாக்ஸைக் கடையில் கொடுத்துவிட்டு ஒரு கார்டு வாங்கினான் என்று அவனுடைய அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து சத்தம் போட்டார். ஹெட்மாஸ்டர் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பெற்றோரையும் ஆசிரியர்களையும் கூட்டினார். கடை சூதாட்டத்தை வளர்க்கிறது, அதை அப்புறப்படுத்த வேண்டும் என்று நகராட்சிக்கு மனு தயாராக இருந்தது. ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு, காகிதம் என்னிடம் வந்தது. நான் அதை அடுத்தவரிடம் தள்ளினேன்.

"ஏன் டீச்சர், பேனா இல்லையா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"பேனா இருக்கு சார். நான் போடல."

அந்த நேரத்தில் சொல்வதற்கு என்னிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. சராசரி என்றால் விழிக்கும் பையன்கள், கார்டின் பின்பக்கத்தை வைத்து மனக்கணக்காகவே சராசரி போட்டார்கள். அதைச் சொல்லியிருந்தால் எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள், எனக்கும் கௌரவமாக இருந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அது பொய். நான் அந்தக் கடைக்குப் போனது கணக்குக்காக இல்லை.

"நான் அந்தக் கடையில கார்டு வாங்குறேன் சார்."

"பாடம் நடத்துறதுக்கா?"

"இல்ல. எனக்காக. எனக்குப் பிடிச்சிருக்கு."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அந்த அப்பா எழுந்து, "டீச்சரே இப்படிப் பேசுனா பிள்ளைக எப்படிங்க உருப்படும்? பொம்பள பேசுற பேச்சா இது?" என்றார். எனக்குப் பயமில்லை என்று சொல்ல ஆசைதான், பயமும் இருந்தது. கைப்பையைத் திறந்து, அந்த வாரம் வாங்கிய ஐந்து கார்டுகளை மேஜைமேல் வைத்தேன்.

"இதுல சூதாட்டம் எங்க இருக்குன்னு காட்டுங்க. காட்டிட்டீகன்னா கையெழுத்துப் போடுறேன்."

யாரும் கார்டைத் தொடவில்லை. திங்கட்கிழமைக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்றார் ஹெட்மாஸ்டர். வீட்டில் என் கணவர், மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடு, பிரச்சினை முடிந்துவிடும் என்றார். சேர்க்கவில்லை. "ஓய்வு நேரத்தில் என் சொந்தப் பணத்தில் கிரிக்கெட் கார்டுகள் வாங்குகிறேன். இதில் வருத்தம் தெரிவிக்க எதுவும் இல்லை." அவ்வளவுதான் எழுதினேன். பதிலுக்கு அடுத்த வருஷ டைம்டேபிளில் எல்லா நாளும் கடைசிப் பீரியட் எனக்கு வந்தது.

என் கையெழுத்து இல்லாமலே மனு போனது. ஒரு மாதத்தில் கடையையும் எடுத்துவிட்டார்கள். அன்று போனேன். கொடிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கோபப்பட்டார்.

"எனக்காக நீங்க எதுக்கு டீச்சர் அங்ஙன போய் பேசுனீக? உங்க வேலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"உங்களுக்காகப் பேசலண்ணே. எனக்காகப் பேசுனேன்."

கயிற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். பிறகுதான் சொன்னார், அந்த ஜாமெட்ரி பாக்ஸை அன்று சாயங்காலமே பையன் வீட்டு வாசலில் அவன் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம்.

"ஏண்ணே இதை முன்னாடியே சொல்லல?"

"என்னை யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அத்தனை பேர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றவளுக்கு, இரண்டு தெரு தள்ளி வந்து அவரை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

அதற்குப் பிறகு அவர் திங்கட்கிழமைச் சந்தைக்கு மாறினார். கயிறு விற்பவருக்கும் அரிவாள்மனை விற்பவருக்கும் நடுவில் தார்ப்பாய் விரித்து உட்காருவார். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போவேன். பையன்கள் பார்ப்பார்கள், சக டீச்சர்கள் காய்கறிப் பையோடு பார்ப்பார்கள். தார்ப்பாய்க்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நிதானமாக இரண்டு டின்னையும் கிளறுவேன். ஒருமுறை ஹெட்மாஸ்டரே எதிரில் வந்துவிட்டார். "இன்னும் விடலையா?" என்றார். "வாங்க சார், உங்களுக்கும் ஒண்ணு எடுப்போம்" என்றேன். வேகமாக நடந்து போய்விட்டார்.

பபிள்கம்மோடு கார்டு வருவது நின்ற பிறகும் அவர் வந்துகொண்டிருந்தார். கடைசியாகப் பார்த்த திங்கட்கிழமை சண்டை போட்டோம். நான் நாலு வருஷமாகத் தேடிய ஐம்பத்தொன்றாம் நம்பர் அவர் சட்டைப் பையில் இருந்தது. சிங்கம்புணரிக்காரர் ஒருவர் முதலிலேயே கேட்டுவிட்டாராம்.

"அவர் எப்ப வாராரோ? எனக்குக் குடுங்கண்ணே, இத்தனை வருஷமா வாங்குறேன்."

"டீச்சர்னா முறையை மாத்திருவேனா? சொன்னது சொன்னதுதான்."

கோபமாக எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் மழை, போகவில்லை. அதற்கடுத்த வாரம் அவர் இடத்தில் அரிவாள்மனைக்காரர் கூடையைப் பரப்பியிருந்தார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார் கயிற்றுக்காரர்.

ஐம்பத்தொன்று எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. அந்தச் சிங்கம்புணரிக்காரருக்காவது கிடைத்ததா என்றும் தெரியாது. எனக்குக் கொடுக்காமல் போனாரே என்று அப்போது அழுதேன். கொடுத்திருந்தால் அவர் அவராக இருந்திருக்க மாட்டார்.